பாலாற்றங்கரையில் சூஃபி நெறி: ஒருமை, பணிவு, தொண்டு

இறைவன் ஒருவனே என்று நாவால் மொழிவது இஸ்லாத்தின் வாசல். மொழிந்ததை உள்ளத்தில் மெய்யாக்கிக்கொள்ள மனிதர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியிலிருந்து சூஃபி நெறி பிறந்தது. அது தந்த விடையை ஒருமை, பணிவு, தொண்டு என்ற மூன்றில் அடக்கலாம். இவை தனித்தனியாக நிற்கும் அறங்கள் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று வருபவை. உண்மையில் நிலைத்திருப்பவன் ஒருவனே என்றால், 'நான்' என்று நிமிர்ந்து நிற்பதற்கு அடியில் தரையில்லை. அந்த 'நான்' தாழும்போதுதான் பக்கத்து வீட்டுப் பசி கண்ணில் படும். ஆகவே தொண்டு என்பது சூஃபிகளிடம் ஓய்வு நேரத்து இரக்கச் செயல் அன்று. ஒருவர் உணர்ந்ததாகச் சொல்லும் ஒருமை மெய்தானா என்பதற்கு அதுவே சான்று.

தமிழகத்துச் சூஃபி மரபை ஆராய்பவர்கள் நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, தக்கலை என்று கடலோரமாகவே நடப்பது வழக்கம். வேலூரில் தொடங்கி, கிழக்கே மேல்விஷாரம் வரையிலும், தெற்கே அணைக்கட்டு, ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலையடிவாரம் வரையிலும், மேற்கே பாலாற்றை ஒட்டிப் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும் விரியும் தோல் பதனிடும் வட்டாரம் அந்தப் பாதையில் வருவதில்லை. பழைய வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியான இந்நிலம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. கடலோரத்தில் சூஃபி ஒருமை தமிழ்ப் பாட்டாகப் பெருகியது. பாலாற்றங்கரையிலோ அது பாடசாலையாகவும் அறக்கட்டளையாகவும் உருவெடுத்தது. அந்த வேறுபாடு எப்படி வந்தது, அதில் எது நிலைத்தது என்பதைக் காண, முதலில் கருத்தின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும்.

ஒருமை பற்றிய வழக்கு

கி.பி. 801இல் மறைந்த பஸ்ராவின் ராபியா, நரகத்துக்கு அஞ்சியும் சொர்க்கத்தை விரும்பியும் செய்யும் வணக்கத்தைவிட அன்பினால் மட்டுமே செய்யும் வணக்கம் உயர்ந்தது என்று வாழ்ந்து காட்டியவராகப் போற்றப்படுகிறார். அடுத்த நூற்றாண்டில் பக்தாதின் ஜுனைத், தன்னை இழத்தலாகிய 'ஃபனா'வையும், இழந்த பின் இறைவனைக் கொண்டு நிலைத்தலாகிய 'பகா'வையும் நிதானமான மொழியில் வகுத்தார். அவர் காலத்தவரான மன்சூர் ஹல்லாஜ் அந்த நிதானத்தைக் காக்கவில்லை. தன்னை இழந்த பரவசத்தில் அவர் சொன்னவை 922இல் அவரைக் கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றன. சூஃபி வரலாறு முழுவதும் இந்த இரு குரல்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே வருகின்றன: உணர்ந்ததை அடக்கி வைப்பவர் குரல் ஒன்று, அடக்க முடியாமல் பாடிவிடுபவர் குரல் மற்றொன்று.

ஸ்பெயினில் பிறந்து 1240இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னு அரபியின் சிந்தனையை ஒட்டி வளர்ந்த கொள்கை 'வஹ்தத்துல் உஜூத்' எனப்பட்டது. மெய்யான இருப்பு இறைவனுடையது மட்டுமே. மற்றவை அவன் வெளிப்பாடுகள் என்பது அதன் சாரம். படைத்தவனுக்கும் படைப்புக்கும் உள்ள வரம்பை இது அழித்துவிடுமோ என்ற அச்சமும் கூடவே எழுந்தது. முகலாயர் காலத்தில் ஷேக் அஹ்மத் சிர்ஹிந்தி (1564–1624), ஒன்றாகத் தெரிவது காண்பவரின் அனுபவமே ஒழிய இருப்பின் உண்மை அன்று என்று வாதிட்டு 'வஹ்தத்துஷ் ஷுஹூத்' என்ற மாற்றை முன்வைத்தார். ஏட்டுக்குள் அடங்கிய சண்டையாக இது தோன்றலாம். ஆனால் மாற்று மதத்தவரை எப்படிப் பார்ப்பது, அரசரை எங்கே நிறுத்துவது, பாமரர் தர்காவில் செய்வதை எவ்வளவு ஏற்பது என்ற நடைமுறைக் கேள்விகள் எல்லாம் இதன் அடியில் கிடந்தன.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் தொலைவில் இல்லை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா அழைத்துவந்த லக்னோ ஃபிரங்கி மஹல் அறிஞர் அப்துல் அலி, 'பஹ்ருல் உலூம்', அதாவது அறிவுக் கடல் என்று பெயர் பெற்றவர். ரூமியின் மஸ்னவிக்கு உரை கண்டவர். இருப்பின் ஒருமையை விளக்கித் தனி நூலும் எழுதியவர். 1810இல் சென்னையில் மறைந்தார். இப்னு அரபியின் கருத்துகளை அன்றைய இந்தியாவில் ஆழ்ந்து விளக்கியவர்களில் ஒருவர் கடைசிக் காலத்தைத் திருவல்லிக்கேணிப் பக்கம் கழித்திருக்கிறார் என்பது தமிழக அறிவு வரலாற்றில் இன்னும் பேசப்பட வேண்டிய செய்தி.

பீஜப்பூரிலிருந்து வேலூருக்கு

1686இல் ஔரங்கசீப்பின் படை பீஜப்பூரைப் பிடித்தபோது ஒரு சுல்தானகம் மட்டும் முடியவில்லை. அதன் நிழலில் வளர்ந்த சூஃபிக் குடும்பங்களும் அறிஞர்களும் இடம்பெயரத் தொடங்கினர். தெற்கே முகலாய அதிகாரிகள், அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆர்க்காட்டுப் பகுதியை ஆளத் தொடங்கி, சஆதத்துல்லா கான் காலத்தில் ஆர்க்காடு தலைநகரமாக வளர்ந்தது. புதிய நவாபுகளுக்குப் படைவீரர்கள் மட்டுமல்லாமல் பெரியோர்களின் ஆசியும் தேவைப்பட்டது. தர்காக்களுக்கு நிலமும் கட்டடமும் கொடுத்தார்கள். ஆர்க்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரே மைசூர் ஹைதர் அலியின் மகனுக்கு இடப்பட்டது. திப்பு சுல்தான் என்று உலகம் அறிந்த பெயரின் வேர் பாலாற்றங்கரையில் இருக்கிறது.

பீஜப்பூர்ப் பின்னணியோடு வேலூரில் வந்து தங்கிய, காதிரிய்யா என்னும் சூஃபி வழியைச் சேர்ந்த குடும்பம் ஒன்றே இவ்வட்டாரத்து ஞான மரபின் நடுநாயகம். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சையித் அபுல் ஹசன் குர்பி பாரசீகத்திலும் தக்கினி உருதுவிலும் எழுதிய கவிஞர். முரீதுகளை (சீடர்களை)ப் பயிற்றிய பீர் (ஞானகுரு). அவர் மகன் சையித் அப்துல் லத்தீஃப் ஜவ்கி பாரசீகத்தில் தந்தையையும் விஞ்ச எழுதியவர். அவர்களின் வழிவந்தவர் 19ஆம் நூற்றாண்டில் 'குத்பே வேலூர்' என்று மதிக்கப்பட்ட சையித் அப்துல் லத்தீஃப் முஹ்யித்தீன். அவர்கள் வாழ்ந்த இடம் இன்றும் 'ஹஸ்ரத் மகான்' (பெரியவரின் இல்லம்) என்றே அழைக்கப்படுகிறது. அங்கு இயங்கும் மதரசா தாருல் உலூம் லத்தீஃபிய்யா. லத்தீஃப் என்ற பெயர் அந்தக் குடும்பத்தில் பாட்டனிடமிருந்து பேரனுக்கு என்று திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் கல்விக்கூடத்தின் பெயராகவும் ஆயிற்று.

குர்பியின் மாணவர்களில் தனித்துக் குறிப்பிட வேண்டியவர் பாகர் ஆகா. 1745இல் வேலூரிலேயே பிறந்து 1806இல் மறைந்தவர். அரபியிலும் பாரசீகத்திலும் பெரும் புலமை இருந்தும், நபிகளின் வரலாற்றையும் சமய அறிவையும் தக்கினியில் எழுதினார். பெண்களும், பாரசீகம் படிக்க வாய்ப்பில்லாத எளியவர்களும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே காரணம் என்று தம் முன்னுரைகளில் தெளிவாகச் சொன்னார். அந்நாளில் பாரசீகமே மதிப்பின் மொழி. தக்கினியில் எழுதுவது ஒரு புலவர் தம் மதிப்பை விட்டுக் கீழே இறங்குவது. சூஃபிகள் பேசிய பணிவு எழுத்துத் தொழிலில் எப்படி வெளிப்படும் என்பதற்குப் பாகர் ஆகாவைவிட நல்ல எடுத்துக்காட்டு இவ்வட்டாரத்தில் இல்லை.

ஆனால் இந்த மொழித் தேர்வே வேலூர் மரபைத் தமிழ் இலக்கிய வரலாற்றிலிருந்து மறைத்தும் விட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முஸ்லிம்களில் பலர் வீட்டிலும் கடையிலும் உருது பேசுபவர்கள்; அவர்களுள் தமிழ் பேசும் முன்னோரைக் கொண்டவர்களும் பலர். அவர்களுடைய ஞானியரின் நூல்கள் அரபி எழுத்தில், பாரசீகத்திலும் தக்கினியிலும் கிடக்கின்றன. தமிழில் பாடிய சூஃபி குணங்குடி மஸ்தானை அறிந்த தமிழ் வாசகர்கள் குர்பியை அறியாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உருது இலக்கிய வரலாறோ டெல்லியையும் லக்னோவையும் ஐதராபாத்தையும் பார்த்தது. வேலூரை ஓரத்தில் வைத்தது. இரு மொழியாருக்கும் நடுவில் விழுந்த செல்வம் இது.

வேலூரின் அரசியல் வரலாறும் இந்த மரபைத் தொட்டுச் சென்றது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் திப்புவின் குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். பின்னர் நடந்த ஆங்கிலேயர் விசாரணைகளில், ஊர் ஊராய்த் திரிந்த பக்கீர்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. உடைமையும் விலாசமும் இல்லாத மனிதர்களை எந்த அரசும் எளிதில் நம்புவதில்லை.

காங்காவிலிருந்து கல்லூரிக்கு

குத்பே வேலூரிடம் ஞானப் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் ஷா அப்துல் வஹ்ஹாப் (1831–1919). தமிழக ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) 'அஃலா ஹஸ்ரத்' என்று மரியாதையோடு குறிப்பிடும் இவர், மக்காவிலும் கல்வி கற்றுத் திரும்பி, வீட்டில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டுப் பாடமே வளர்ந்து பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி ஆயிற்று. தென்னிந்தியாவின் ஆலிம் கல்விக்குத் தாய்க் கல்லூரி என்று அதனைச் சொல்வது மிகையாகாது. கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலாய் நாட்டிலிருந்தும் மாணவர்கள் வேலூருக்கு வந்தார்கள். அங்கே பட்டம் பெற்றவர்கள் பெயருக்குப் பின் 'பாகவி' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். குர்ஆனுக்குத் தமிழில் முழு மொழிபெயர்ப்புத் தந்த முன்னோடியான அப்துல் ஹமீது அவர்களின் பெயருக்குப் பின்னாலும் அந்தச் சொல்லே நிற்கிறது.

இங்கே நடந்த மாற்றம் நுட்பமானது. காங்கா எனப்பட்ட பழைய சூஃபி மடத்தில் பீருக்கு முன் முரீது கைகொடுத்து பைஅத் (உறுதிமொழி) செய்வார். கற்பது அந்த ஒருவரிடமிருந்துதான். அரபிக் கல்லூரியில் வகுப்பு, பாடத்திட்டம், ஸனது (பட்டச் சான்று) வந்துவிட்டன. ஞானம் ஒரு பெரியவரின் மூச்சிலிருந்து மட்டுமே வரும் என்ற நிலை மாறி, ஹதீஸும் ஃபிக்ஹும் அரபி இலக்கணமும் படித்து யாரும் ஆலிமாகலாம் என்ற நிலை வந்தது. இறைநினைவுக் கூட்டமான திக்ரு ஹல்காவும் வகுப்பறையும் ஒரே ஊரில் அருகருகே இயங்கின. சிலருக்கு இது சூஃபி நெறியின் இறக்கமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் காங்காவின் உள்ளடக்கமான அடக்கத்தையும் ஆசிரிய மரியாதையையும் கல்லூரிக்குள் கடத்தியதே வேலூரின் பெரிய சாதனை.

பணிவு: சொல்வது எளிது

சூஃபி நூல்கள் மிக விரிவாகப் பேசுவது பணிவைப் பற்றித்தான். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா' நூலின் நாற்பது பகுதிகளில் ஒன்றை முழுவதுமாகப் பெருமைக்கும் தற்பெருமைக்கும் எதிராக எழுதினார். செல்வத்தால் வரும் செருக்கைவிட அறிவாலும் வணக்கத்தாலும் வரும் செருக்கு அதிகம் ஆபத்தானது என்பது அவர் கண்ட உண்மை. பணக்காரருக்குத் தம் செருக்கு ஒரு குறை என்றாவது தெரியும். பக்திமானுக்கு அது பக்தியாகவே தோன்றும். 9ஆம் நூற்றாண்டில் நிஷாப்பூரில் இருந்த 'மலாமத்தி'கள் தங்கள் நற்செயல்களை மறைத்து, ஊராரின் பழியை விரும்பி ஏற்றார்கள். புகழ் வந்தால் வணக்கம் கெடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

'நஃப்ஸ்' என்ற அகங்காரத்தை அடக்கும் பயிற்சிகள் ஒவ்வொரு தரீக்காவிலும் (சூஃபி வழியிலும்) உண்டு. பீரின் வீட்டு வாசலைப் பெருக்குவது, வந்தவர்களின் செருப்பை எடுத்து அடுக்குவது, தண்ணீர் சுமப்பது, லங்கர் என்னும் அன்னசாலையில் எச்சில் பாத்திரம் கழுவுவது ஆகியவை புதிய முரீதுக்கு முதற்பாடங்கள். படித்தவர், செல்வந்தர் என்ற வேறுபாடு அங்கே எடுபடாது. தமிழ்நாட்டுத் தெருக்களில் தாயிரா கொட்டிப் பாடிவரும் பக்கீர்சாக்கள் இந்தப் பயிற்சியின் எளிய வடிவம். ரமலானில் சஹருக்கு ஊரை எழுப்பிவிட்டவர்கள் அவர்கள். தட்டில் விழும் காசை எண்ணாமல் வாங்கிக்கொள்வது அவர்கள் மரபு.

எனினும் இந்த இலட்சியம் நடைமுறையில் அடிக்கடி தோற்றது இங்கேதான். தாழ்மையே உருவாக வாழ்ந்த பெரியவர் மறைந்ததும் அவர் கபுரின் (அடக்கத்தலத்தின்) மேல் குவிமாடம் எழுந்தது. குவிமாடத்துக்கு நிலம் வந்தது. நிலத்துக்கு முதவல்லியும் (நிர்வாகியும்) வழக்கும் வந்தன. பீர் பதவி தந்தையிடமிருந்து மகனுக்குப் போனபோது தகுதியைவிடப் பரம்பரை முன்னுக்கு நின்றது. வக்ஃபு சொத்து வழக்குகள் நாடெங்கும் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடப்பதை அறிந்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். இதற்கு ஞானியர் பொறுப்பல்லர். ஆனால் அடக்கத்தை வணங்கும் கூட்டமே அந்த அடக்கத்தை ஆடம்பரமாக்கிவிட்டது என்ற உண்மையை, சூஃபி மரபை நேசிப்பவர்கள்தாம் முதலில் சொல்ல வேண்டும்.

தமிழில் பாடிய ஒருமை

வேலூர் வட்டாரத்துக்கு வெளியே, தமிழை ஞானமொழியாகக் கொண்டவர்களின் வரிசை நீண்டது. திருச்சியின் நத்தர் வலி தமிழகத்து அவுலியாக்களில் மிகப் பழையவராகக் கருதப்படுபவர். 16ஆம் நூற்றாண்டின் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டவரின் தர்காவில் உயர்ந்து நிற்கும் பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் அங்கே கூடிப் பாடுகிறார்கள். கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் போன்ற பெண் ஞானியரும் மெய்ஞ்ஞானப் பாடல்கள் பாடியிருக்கிறார்கள்.

இவர்களுள் வடதமிழகத்தோடு நெருங்கியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டிக்கு அருகில் பிறந்த சுல்தான் அப்துல் காதிறு, துறவியாகத் திரிந்து சென்னையின் வடபகுதியில் தங்கி 1838இல் மறைந்தார். தாயுமானவரின் பாட்டுமரபு இவர் பாடல்களில் ஊடாடுவதை அறிஞர்கள் பலரும் சுட்டியிருக்கிறார்கள். இறைவனைத் தலைவியாக உருவகித்து ஏங்கிய பாடல்களும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானியைக் குருவாக அழைத்து உருகிய பாடல்களும் இவருடையவை. திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் இவர் மீது நான்மணிமாலை பாடினார். ஒரு முஸ்லிம் பக்கீரைச் சைவப் புலவர் குருவாக ஏற்றுப் பிரபந்தம் பாடுவது அந்நாளில் இயல்பாக நடந்தது. இன்று சமய நல்லிணக்க மேடைகளில் இதைப் பெரும் வியப்பாகப் பேசுவது, நடுவில் எவ்வளவு இழந்தோம் என்பதையே காட்டுகிறது.

இந்த வரிசையின் மிக அண்மைக் கண்ணி பாவா முஹையத்தீன். யாழ்ப்பாணத்தில் ஆசிரமம் வைத்திருந்த இவர் 1971இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்றார். 1986இல் மறையும்வரை அங்கே பேசியதெல்லாம் தமிழில்; கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழறியாத அமெரிக்கர்கள். சொற்பொழிவாற்றியதைப் போலவே அடுப்படியில் நின்று வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டதும் அவர் போதனையாக நினைவுகூரப்படுகிறது.

தொண்டும் தோல் வணிகமும்

பசித்தவருக்குச் சோறு என்பது சூஃபித் தொண்டின் முதல் வடிவம். டெல்லியில் நிஜாமுத்தீன் அவுலியாவின் (1238–1325) லங்கரில் மதம் கேட்காமல் உணவு கிடைத்தது. அவரோ பெரும்பாலான நாட்கள் நோன்பிருந்தார். ஆற்றின் கொடையும் கதிரவனின் பரிவும் மண்ணின் பணிவும் இறையன்பருக்கு வேண்டும் என்பது அஜ்மீர் முயினுத்தீன் சிஷ்தியின் பெயரால் வழங்கும் அறிவுரை. தமிழ்நாட்டில் கந்தூரிச் சோறாகவும், ஃபாத்திஹா ஓதியபின் பகிரும் தபர்ருக்காகவும், பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியாகவும் இது தொடர்கிறது. கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வருபவர் யார் என்று எந்த ஊரிலும் கேட்பதில்லை. 1867இல் வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டிய வள்ளலாரிடமும் இதே தருக்கம் செயல்பட்டது: உயிர்களின் ஒருமையை உணர்ந்தவருக்குப் பசி தத்துவப் பிரச்சினை அன்று.

பாலாற்று வட்டாரத்தில் தொண்டு சோற்றைத் தாண்டிப் போனது. அதற்கு வழி செய்தது தோல். சாதி இந்துக்கள் தீட்டு என்று ஒதுங்கிய தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் துணிந்து இறங்கினர். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் பதனான தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறியது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில், பின்னர் மேற்கே நீண்டு இந்த வணிகத்துக்குக் கால்களைக் கொடுத்தது. உலகப் போர்க் காலத்துத் தேவைகள் செல்வத்தைப் பெருக்கின.

அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. சிறிய ஊரொன்றில், வணிகர்களின் நன்கொடையால், அரசு முன்வருவதற்கு வெகுகாலம் முன்பே உயர்கல்வி வந்தது. மேல்விஷாரத்தைச் சேர்ந்த சி. அப்துல் ஹக்கீம் (1863–1938) தோல் வணிகத்தில் ஈட்டியதைப் பள்ளிகளுக்கும் மருத்துவ உதவிக்கும் வாரி வழங்கினார். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே பயணிகள் தங்க அவர் எழுப்பிய சித்தீக் சராய், வழிப்போக்கருக்கு இடமளிக்கும் பழைய காங்காவின் கடமையை நகரத்துக்கு ஏற்ப மாற்றியது. அவர் பெயரால் மேல்விஷாரத்தில் 1965இல் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் நிறுவனங்கள் வளர்ந்தன. இக்கல்லூரிகளில் எல்லாச் சமயத்து மாணவர்களும் படிக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் சுற்றுக் கிராமங்களில் ஏராளம்.

இந்த வள்ளல்கள் எல்லாரும் சூஃபி வழியினர் என்று சொல்லிவிட முடியாது. ஆம்பூருக்கு அருகில் 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாம் கல்லூரியை நிறுவிய காக்கா முகம்மது உமர் தோல் வணிகரே. அவர் பெயரால் உமராபாத் என்று வழங்கும் அந்த ஊரின் கல்லூரி, குர்ஆனையும் ஹதீஸையும் நேரடியாகச் சார்ந்து, தர்கா வழக்கங்களிலிருந்து விலகிய சீர்திருத்தப் போக்குடையது. ஆகத் தொண்டு என்ற இலட்சியம் தான் பிறந்த பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருக்கிறது. ஜகாத்தும் ஸதகாவும் இஸ்லாத்தின் பொதுக் கடமைகள் என்பது ஒரு காரணம். பல தலைமுறைகளாக ஞானியர் இந்த மண்ணில் கொடையை மரியாதைக்குரிய பழக்கமாக்கியிருந்தது மற்றொரு காரணம். இரண்டாவதை ஆவணத்தால் அளக்க முடியாது. இருந்தும் அதைத் தள்ளிவிட்டு இவ்வட்டாரத்தைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

தோலின் மறுபக்கமும் இதே கணக்கில் வர வேண்டும். சுண்ணாம்புக் குழியில் நின்று தோலைப் பதப்படுத்தியவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்கள் உழைப்பில் எழுந்த செல்வம் கல்லூரியானது. அவர்கள் கைகால் புண்ணுக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை. குரோம் கொண்டு பதனிடும் முறை பரவிய பின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கியது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஆய்வு கூறியது. எல்லாச் சமயத்து முதலாளிகளும் உள்ள தொழில் இது. எந்தவொரு சமூகத்தின் மீதும் இந்தப் பழியை ஏற்ற முடியாது. ஆனால் படைப்பு அனைத்தையும் இறைவனின் குடும்பமாகக் காணச் சொன்ன நெறி, பள்ளிக்கூடம் கட்டியதோடு ஆற்றங்கரையில் தன் பொறுப்பு முடிந்ததாகக் கருத முடியாது. நோயுற்றவருக்கும் கல்வியற்றவருக்கும் செய்த தொண்டு நீருக்கும் நிலத்துக்கும் விரியவில்லை என்பது இவ்வட்டார வரலாற்றின் பெரிய குறை.

இன்றைய விவாதம்

கபுரில் விளக்கேற்றுவது, சந்தனக்கூடு எடுப்பது, அவுலியாவிடம் நேர்ந்துகொள்வது ஆகியவை ஏக இறைக்கொள்கைக்கு மாறானவை என்ற வாதம் 19ஆம் நூற்றாண்டிலேயே வேலூரில் எழுந்தது. குத்பே வேலூர் காலத்து ஆலிம்கள் அதற்கு விடையளித்து எழுதினார்கள். 1980களுக்குப் பின் தமிழ் முஸ்லிம்களிடையே தவ்ஹீது இயக்கங்கள் வலுப்பெற்றபோது அந்த வாதம் அறிஞர் கூடத்திலிருந்து தெருவுக்கு வந்தது. ராத்திபு ஓதுவதும் மவ்லிது ஓதுவதும் பல ஊர்களில் குறைந்தன. மூடப்பழக்கங்கள் சில விலகியது நன்மை. ஊரார் எல்லாரும் ஒன்றுகூடிய கந்தூரிகள் மெலிந்தது இழப்பு. இரு தரப்பும் ஒருமையின் பெயராலேயே பேசுகின்றன. ஒரு தரப்பு இறைவனின் ஒருமையில் வேறெதுவும் கலக்கக் கூடாது என்கிறது. மறு தரப்பு அந்த ஒருமை அவன் நேசர்களிடத்தும் ஒளிர்கிறது என்கிறது. சிர்ஹிந்தியும் பஹ்ருல் உலூமும் நுட்பமாக எழுதிய வழக்கு, அந்த நுட்பத்தைப் பெரிதும் இழந்த நிலையில், சுவரொட்டிகளிலும் காணொளிகளிலும் தொடர்கிறது.

பாலாற்றங்கரைப் பள்ளிவாசல்களில் பாகவிகளும், லத்தீஃபிய்யாவில் படித்த லத்தீஃபிகளும், உமராபாத்தில் படித்த உமரிகளும் இமாம்களாகப் பணியாற்றுகிறார்கள். கருத்தில் வேறுபட்டாலும் மூவரின் கல்வியும் ஏறத்தாழ முப்பது மைல் வட்டத்துக்குள், தோல் வணிகர் கொடையிலும் காங்காவின் நிழலிலும் வளர்ந்த கூடங்களில் நிகழ்ந்தது. குர்பி, ஜவ்கி, பாகர் ஆகா ஆகியோரின் எழுத்து இன்னும் தமிழ் வாசகருக்குப் பரவலாகக் கிடைக்கவில்லை. பாரசீகமும் தக்கினியும் தமிழும் சேர்ந்தறிந்தவர்கள் அருகிவரும் காலத்தில், ஏடுகளைப் பதிப்பித்து மொழிபெயர்க்கும் வேலை வேலூரிலும் சென்னையிலும் உள்ள கல்வி நிறுவனங்கள் முன் காத்திருக்கிறது.